மதியம் கொடுத்த மாத்திரை

என் மகளுக்கு இரவில் கொடுக்கவேண்டிய தூக்க மாத்திரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொடுத்தேன். மறதியில் கொடுத்ததல்ல. தெரிந்தே கொடுத்தேன். வீட்டுக்கு வரும் விருந்தினர் கண்ணில் அவள் பட்டுவிடக்கூடாது என்பதற்காகக் கொடுத்தேன்.

அன்று மாலை அவள் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. தாடையில் மூன்று தையல். அதற்கான பழியை இன்னொரு பெண் சுமந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களை முன்னால் வைத்தால் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள்... பிறர் இரக்கத்தை வாங்கிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

என் பெயர் கீதா. வயது முப்பத்தைந்து. சேலத்தில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு மணமாகி மைசூருக்கு வந்தவள். மாமனார் ரயில்வே வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்டவர். அவரும் மாமியாரும் இப்போது இல்லை. அக்ரஹாரத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். நான், தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் என் கணவர் சுரேஷ், அவருடைய தங்கை கவிதா, எங்கள் ஒரே மகள் சஹானா.

சஹானாவுக்குப் பதினான்கு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. அவளிடம் இருபது சொற்களுக்குமேல் இல்லை. அவற்றிலும் பாதி கன்னடம். அவள் மனம் நான்கு வயதுக் குழந்தையின் மனம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காது. என் தோளுக்குமேல் வளர்ந்துவிட்ட பெண் அவள். மாதவிலக்கு வந்துவிட்ட பெண். கண்ணாடி முன் நின்று தன் பின்னலைத் தானே தடவிப் பார்த்துச் சிரிக்கிற பெண்.

அவளுக்குத் தூக்கம் வராது. பன்னிரண்டு வயதில் தொடங்கியது. பத்து மணிக்குப் படுப்பாள், ஒரு மணிக்கு எழுந்துவிடுவாள். விடியும்வரை வீட்டுக்குள் நடப்பாள். குழாய்களைத் திறந்துவிடுவாள். கை தட்டுவாள். மாடியில் குடியிருப்பவர்கள் தரையைத் தட்டுவார்கள்; அது தன்னோடு விளையாடுவது என்று நினைத்து அவள் இன்னும் பலமாகத் தட்டுவாள். கணவருக்கு வேலை, நாத்தனாருக்கு வேலை. விழித்திருப்பது என் வேலை. இரண்டு வருடம் நான் தொடர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை.

பாருங்கள்! இரக்கத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

ஊர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்கு அவளை அழைத்துப்போனோம். அங்கே சவிதா சிஸ்டர் இருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளின் தூக்கத்தைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற மனநல செவிலியர். ஐம்பது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழும் பேசுவார், கொஞ்சம் அவருடைய மொழியைப் போலவே இழுத்து இழுத்து. மருத்துவர் பத்து நிமிடம் பார்ப்பார். சிஸ்டர் ஒரு மணி நேரம் உட்காருவார்.

முதல் நாள் அவர் சஹானாவின் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

“நோடி... பாருங்க அம்மா, மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி நம்ம வேலை. காலைல வெயில்ல அரை மணி நடக்க வைங்க. மத்தியானம் தூங்க விடாதீங்க. சாயங்காலத்துக்கு மேல போன் கூடாது. ராத்திரி தினமும் ஒரே மாதிரி... குளியல், பால், விளக்கை அணைக்கிறது. ஒரு நாள்கூட மாத்தாதீங்க. இதுங்களுக்கு வாயால சொன்னாப் புரியாது, பழக்கம் சொன்னாப் புரியும்.”

பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். தூக்க அட்டவணை. எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், இரவில் எத்தனை முறை விழித்தாள், பகலில் தூங்கினாளா, எவ்வளவு நேரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டவேண்டும்.

எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? மகிழ்ச்சி! படிக்கிற காலத்தில் வீட்டுப்பாடம் கொடுத்தால் வருமே, அந்த மகிழ்ச்சி. என் நோட்டுப் புத்தகங்களை ஆசிரியர்கள் மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அவர் கொடுத்த தாள் போதவில்லை என்று ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். விழித்திருந்த நேரம் சிவப்பு, தூங்கிய நேரம் நீலம்.

எல்லாவற்றையும் செய்தேன். வெயிலில் நடக்கவைத்தேன். போனை ஒளித்துவைத்தேன். குளியல், பால், விளக்கு. ஒன்றை மட்டும் செய்யவில்லை.

சிறப்புப் பள்ளியிலிருந்து ஒன்றரை மணிக்கு அவள் வருவாள். சாப்பிடுவாள். சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே கண் சொருகும். முதல் மூன்று நாள் எழுப்பினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன், முற்றத்தில் நடத்தினேன், கை தட்டிப் பாடினேன். மூன்றாம் நாள் என் முழங்கையைக் கடித்துவிட்டாள். நான்காம் நாள் விட்டுவிட்டேன்.

இரண்டரை மணி நேரம் தூங்கினாள். வீடு அமைதியாக இருந்தது. நான் காபி போட்டு, உட்கார்ந்து, சூடாக இருக்கும்போதே குடித்தேன். இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும்... எனக்கு அது இரண்டு வருடத்தில் முதல் சூடான காபி. பிறகு நானும் அவள் பக்கத்தில் படுத்துவிட்டேன்.

மறுநாளும் அப்படியே. அடுத்த வாரத்தில், அவளாகத் தூங்காத நாள்களில்கூட ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியைக் கூட்டிவைத்து, முதுகைத் தட்டிக்கொடுத்து நானே தூங்கவைக்கத் தொடங்கினேன்.

அட்டவணையில் ‘பகல் தூக்கம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். பதினான்கு நாளும் ‘இல்லை’. அழகான கையெழுத்தில்.

ஏன் எழுதினேன்? சிஸ்டர் திட்டியிருப்பாரா? திட்டியிருக்கமாட்டார். வேறு வழி சொல்லிக்கொடுத்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் நிறைய நீலமும் சிவப்புமாக ஒழுங்காக இருந்த அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் தப்பாக இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. நல்ல தாயாக இருப்பதைவிட நல்ல தாய் என்று பேர் வாங்குவது எனக்குப் பெரிதாகிவிட்டது. இப்போது இப்படி ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்... அப்போது இதை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

நோட்டைப் பார்த்த சிஸ்டர், “அய்யோ, எவ்வளவு சென்னாக, அழகா எழுதியிருக்கீங்க!” என்றார். அங்கே காத்திருந்த நான்கைந்து தாய்மார்களிடம் அதை விரித்துக் காட்டினார். “இப்படி எழுதணும். இது அம்மா எழுதின சார்ட்டு!”

அந்தத் தாய்மார்களில் ஒருத்தி செல்வி. கொள்ளேகாலிலிருந்து காலை முதல் பேருந்தில் மகளோடு வருவாள். பட்டு நூல் முறுக்கும் ஆலையில் வேலை. அவள் மகள் ரோஜாவுக்குப் பதினாறு வயது. சஹானாவைப் போலத்தான், ஆனால் பேச்சே கிடையாது. செல்வி என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க டீச்சரம்மா, இந்தக் கோடெல்லாம் ஸ்கேல் வெச்சா போட்டீங்க? எம்பட சார்ட்டப் பாருங்க, கோழி கெளறுன மாதிரி இருக்குது.”

அன்றிலிருந்து நான் அவளுக்கு டீச்சரம்மா.

சிஸ்டர் அவள் தாளை வாங்கிப் பார்த்தார். “செல்வி, தினமும் மத்தியானம் மூணு மணி நேரம் தூக்கமா? தூங்க விடாதீங்கன்னு சொன்னேனே!”

“நான் ஆலைல இருக்கறனுங்க சிஸ்டரு. வூட்டுல எங்க மாமியாதான். அது படுத்தா இவளும் கூடவே படுத்துக்கறா. ரெண்டு பேரையும் எழுப்பறதுக்கு ஒரு ஆளு போடோணுமுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே என் நோட்டைத் தட்டி, “இந்த அம்மாவைப் பாருங்க, எப்படியோ சமாளிக்கிறாங்க இல்ல?” என்றார்.

செல்வி என்னை மரியாதையோடு பார்த்தாள். நான் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன்.

கோழி கிளறியது போன்ற அந்தத் தாளைப் பார்த்து சிஸ்டர் ரோஜாவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளி முடிந்ததும் அவளை வீட்டுக்கு விடாமல், ஆலைக்கு அடுத்திருந்த ஒரு தையல் கடையில் நான்கு மணிவரை பட்டன்களைப் பிரித்துப்போட உட்காரவைக்க ஏற்பாடு. இரண்டு மாதத்தில் ரோஜா இரவில் ஆறு மணி நேரம் தூங்கினாள். உண்மையை எழுதியவளின் மகள் தூங்கினாள்!

என் மகள் தூங்கவில்லை. எப்படித் தூங்குவாள்? பகலெல்லாம் நான்தான் தூங்கவைத்துவிட்டேனே.

மருத்துவர் என் நோட்டைப் புரட்டினார். “பகல் தூக்கம் இல்லை, நடை இருக்கிறது, எல்லாம் சரி. அப்படியும் விழிக்கிறாள் என்றால் மாத்திரையைக் கூட்டத்தான் வேண்டும்.” சிஸ்டர் தயங்கினார். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாமே என்றார். பிறகு அவரும் நோட்டைப் பார்த்தார். “அம்மா எல்லாம் சரியாத்தான் பண்றாங்க...” என்று அவரே சொல்லி, அவரே விட்டுக்கொடுத்தார்.

ஒரு மாத்திரை இரண்டாயிற்று.

அந்த மேசையில் என் கைகள் இருந்தன. வாய் இருந்தது. ‘டாக்டர், நான் எழுதியது பொய்’ என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். நான் சொன்னது இதுதான்: “சரிங்க டாக்டர், ஒன்பது மணிக்குக் கொடுக்கட்டுமா, ஒன்பதரைக்கா?”

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

கவிதாவைப் பெண் பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. நான்கு மணிக்கு. இரண்டு வரன்கள் அதற்கு முன்னால் தட்டிப்போயிருந்தன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தடவையும் சஹானா கூடத்தில் இருந்தாள். ஒரு தடவை பையனின் அப்பா மடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ‘வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், நாளைக்கு இந்தப் பெண்ணுக்குப் பிறப்பதும்...’ என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் என்று நானே அவர்களுக்காக நினைத்தேன்.

என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். கணவர் கேட்கவில்லை. கவிதாவோ முந்தின நாளே, மருதாணி காய்ந்துகொண்டிருந்த கையோடு சமையலறைக்கு வந்து சொன்னாள்:

“அண்ணி, சானுவுக்கும் அந்தப் பச்சைப் பாவாடையைப் போட்டுவிடுங்க. எல்லாரோடயும் உட்காரட்டும்.”

“அவ சத்தம் போடுவா கவி.”

“போடட்டுமே! எனக்கு அண்ணன் பொண்ணு இருக்கா, இப்படித்தான் இருப்பா. பிடிச்சா பஜ்ஜி சாப்பிடட்டும், பிடிக்கலைன்னா பஜ்ஜி நமக்கு மிச்சம்.”

நான் சிரித்தேன். சரி என்றேன்.

ஞாயிறன்று சஹானா காலையிலிருந்தே துள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டில் பூ வாசனை, எண்ணெய் வாசனை, புதுத் திரைச்சீலை. இரண்டு மணியாகியும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முதுகைத் தட்டினேன். எழுந்து உட்கார்ந்து கை தட்டினாள். இரண்டேகால். கணவர் இனிப்பு வாங்கப் போயிருந்தார். கவிதா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள்.

அலமாரியைத் திறந்தேன். இரவுக்கான இரண்டு மாத்திரைகளில் ஒன்றை எடுத்தேன். கரண்டியில் நசுக்கி, கேசரியில் பிசைந்தேன்.

“சானு, ஆ...” என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். அவ்வளவு பெரிதாகத் திறந்தாள்... நான் கொடுக்கிற எதற்கும் அவள் அப்படித்தான் வாயைத் திறப்பாள். விழுங்கிவிட்டு, “அம்மா, சென்னா” என்றாள். நன்றாக இருக்கிறதாம்!

மூன்று மணிக்கு உள்ளறையில் தூங்கிப்போனாள். கதவைச் சாத்தினேன். கவிதா தேடினாள். “தானா தூங்கிட்டா, எழுப்பினா அழுவா, விடு” என்றேன். அவள் முகம் வாடியது. நேரமில்லை, வாசலில் கார் வந்துவிட்டது.

வந்தவர்கள் நல்லவர்கள். பையனின் அம்மா காபியைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டது இதுதான்: “உங்க பொண்ணு எங்கேம்மா? தரகர் சொன்னார், ஸ்பெஷல் குழந்தைன்னு. அவளுக்கு ஒரு பொம்மை வாங்கிட்டு வந்தேன்.”

நான் அந்தப் பொம்மையை வாங்கிக்கொண்டேன். “தூங்குறா” என்றேன்.

அவர்கள் போனபோது மணி ஐந்தரை. நான் பின்கட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு படி. அவள் தினமும் நூறு தடவை ஏறி இறங்கும் படி. பாதி விழித்து, கழிவறைக்குப் போக எழுந்து வந்திருக்கிறாள். நான் சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். அழுகை அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்து வந்தது போல இருந்தது.

மருத்துவமனையில் எலும்பு மருத்துவர், இளைஞர், மணிக்கட்டை இழுத்துச் சேர்க்கவேண்டும், அதற்கு மயக்க ஊசி போடவேண்டும் என்றார். கையில் பேனாவோடு கேட்டார்: “வழக்கமா என்ன மாத்திரை? கடைசியா எப்பக் கொடுத்தீங்க?”

கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். கவிதா பட்டுப்புடவையோடு நின்றிருந்தாள்.

“நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு” என்றேன்.

“இன்னிக்கு எதுவும் இல்லையே?”

“இல்லை.”

இல்லை! அட்டவணையில் எழுதிப் பழகிய அதே சொல். எவ்வளவு சரளமாக வந்தது!

அவர் ஊசி போட்டார். இதைத்தான் நான் எதற்கும் மேலாக... ஒரு மாத்திரை மயக்கத்தில் இருந்த குழந்தைக்கு இன்னொரு மயக்கம் ஏறுகிறது என்று தெரிந்தும் நான் நின்றேன். அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி இறங்குவதை எண்ணினேன். நடுவில் ஒரு முறை இடைவெளி விழுந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போது நான் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்றுதான் நம்புகிறேன். நம்புகிறேன், அவ்வளவுதான். மூச்சு வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவேயில்லை.

அடுத்த வாரம் மனநலப் பிரிவில் கூடிப் பேசினார்கள். மாத்திரையைக் கூட்டியதால் பகலிலும் மயக்கம் இருந்திருக்கிறது, அதனால்தான் விழுந்திருக்கிறாள் என்று முடிவானது. பகல் மயக்கத்தைக் கவனித்துச் சொல்லவேண்டியது யார் பொறுப்பு? செவிலியர் பொறுப்பு. சவிதா சிஸ்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இதை எனக்குச் சொன்னதும் அவர்தான். குறையாகச் சொல்லவில்லை. சஹானாவின் மாவுக்கட்டில் ஒரு மயில் வரைந்துகொண்டே சொன்னார்.

“அவங்க கேட்டது நியாயம்தான் அம்மா. இருபத்தாறு வருஷ சர்வீஸ். மாத்திரை கூட்டின பிறகு நான் வாரம் ஒரு தடவையாவது போன் பண்ணியிருக்கணும். உங்க சார்ட்டைப் பார்த்து, இந்த அம்மா இருக்காங்க, கவலையில்லைன்னு விட்டுட்டேன். என் தப்பு. மன்னிச்சுக்கங்க.”

என்னிடம்! அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்!

“பரவாயில்ல சிஸ்டர்” என்றேன் நான்.

நீங்கள் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக சிஸ்டரைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பேருந்தில் சொற்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் பகல் தூக்கம், பிறகு ஞாயிற்றுக்கிழமை, பிறகு ஊசி.

“சிஸ்டர், நான் பொய் எழுதினேன். அவள் தினமும் பகலில் தூங்கினாள். நானே தூங்கவைத்தேன்.”

அவர் நோட்டை வாங்கவில்லை. நான் அழுதேன். நடிப்பு அல்ல, உண்மையாகவே அழுதேன். அவர் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

“இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்!” என்றார். “போதும் அம்மா. போதும்.”

அந்தக் கை என் தலையில் இருந்தபோது இரண்டாவது வாக்கியம் என் தொண்டையில் இருந்தது. அதைச் சொன்னால் அந்தக் கை எடுபட்டுவிடும்... நான் விழுங்கிவிட்டேன்.

அன்றே மருத்துவரிடம் பேசி மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார்கள். பகல் தூக்கத்தை ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டரை மணியை இரண்டாக, ஒன்றாக, அரையாகக் குறைக்க வழி சொன்னார்கள். அந்த அரை மணியில் நானும் படுக்கலாம், அது என் உரிமை என்று சிஸ்டர் சொன்னார். இரண்டு மாதத்தில் சஹானா விடியற்காலை ஐந்து மணிவரை தூங்கத் தொடங்கினாள். இவ்வளவுதான் தேவையாக இருந்தது. முதல் வாரத்திலேயே ஒரு கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் போதும். மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கை முழுதாகத் திரும்புவதில்லை. அவள் கை தட்டும்போது ஒரு கை மட்டும் கோணலாக வருகிறது.

கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதே குடும்பம். என் மாத்திரை எதையும் காப்பாற்றவும் இல்லை.

சிஸ்டர் எழுதிக் கொடுத்த விளக்கம் மட்டும் அப்படியே அவருடைய கோப்பில் இருக்கிறது. பகல் தூக்கத்தைப் பற்றி நான் சொன்ன பிறகும், அந்த ஞாயிறன்று சஹானா விழுந்ததற்குக் காரணம் தான் கவனிக்காத மயக்கம்தான் என்றே அவர் நம்புகிறார்.

போன மாதம் தாய்மார்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார். “அட்டவணையில் உண்மையை எழுதுங்க, இல்லைன்னா என்ன ஆகும்னு நீங்க சொன்னா அவங்க கேட்பாங்க.” நான் பேசினேன். நன்றாகத் தயாரித்துக்கொண்டுதான் போனேன். பகல் தூக்கத்தைச் சொன்னேன், காபியைச் சொன்னேன். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள்.

முடிந்ததும் செல்வி என்னை நடைவழியின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகம் வெளுத்திருந்தது.

“டீச்சரம்மா, நீங்க பேசுனதக் கேட்டதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க. ஒண்ணு கேக்கறேன், யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

“சொல்லுங்க செல்வி.”

“போன வாரம் எங்க தம்பி மகளுக்குச் சீருங்க. ரோஜாவக் கூட்டிட்டுப் போனா அங்க எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. அதான்... மத்தியானமே அந்த ராத்திரி மாத்திரைய ஒண்ணு குடுத்துப் படுக்க வெச்சுட்டுப் போயிட்டனுங்க. திரும்பி வரங்காட்டியும் எந்திரிக்கவே இல்லீங்க. எட்டு மணிக்குத்தான் கண்ணத் தொறந்தா. நான், இவ செத்துப்போயிட்டா போலன்னு...” அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். “நீங்களும் பொய்யி எழுதுனேன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்களே. அதான் உங்ககிட்டச் சொல்றேன். உங்களுக்கு இந்த மாதிரி... எப்பவாச்சும் தோணி இருக்குதுங்களா? நீங்க குடுத்திருக்கீங்களா?”

உலகத்திலேயே ஒரே ஒருத்தி அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டாள். தான் மட்டும்தான் இப்படியா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவளுக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒரு தலையசைப்பு. வாயைக்கூடத் திறக்கவேண்டாம்.

“இல்லை செல்வி” என்றேன். “அப்படியெல்லாம் செய்யவே கூடாது. எவ்வளவு ஆபத்து தெரியுமா?”

என் குரலில் கண்டிப்பு இருந்தது. டீச்சரம்மாவின் கண்டிப்பு.

அவள் என் கையை விட்டுவிட்டாள். “ஆமாங்க,” என்றாள், “நீங்க செய்யமாட்டீங்க. எனக்குத்தான் புத்தி இப்படிப் போச்சு.”

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக சிஸ்டர் அறைக்குள் போய்விட்டாள். கதவு திறந்தே இருந்தது. சிஸ்டரின் குரல் உயர்வது கேட்டது. பிறகு தணிந்தது. கால் மணி கழித்து செல்வி வெளியே வந்தாள்.

“சொல்லிப்போட்டனுங்க. நல்லாத் திட்டுனாங்க. அப்பறம் அவங்களே உக்கார வெச்சு, இனி விசேசம் வந்தா எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு சொல்லிக்குடுத்தாங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “வரேனுங்க டீச்சரம்மா. மூணு மணி பஸ்ஸப் புடிக்கோணும்.”

ரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நடை லேசாக இருந்தது.

அறைக்குள் சிஸ்டர் தனியாக இருந்தார். என்னைப் பார்த்து, “உங்க பேச்சாலதான் செல்விக்கு வாய் வந்தது அம்மா” என்றார். “வேற ஏதாவது சொல்லணுமா? நிக்கிறீங்களே?”

“ஒண்ணுமில்லை சிஸ்டர். போயிட்டு வரேன்.”

அன்றிரவே இதை எழுதத் தொடங்கினேன். சிஸ்டருக்கு ஒரு கடிதமாக எழுதுவதாகத்தான் எண்ணம். ஆனால் கடிதம் உங்களுக்கு என்று மாறிவிட்டது. ஏன் என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

நான் கன்னடம் எழுதத் தெரிந்தவள். அட்டவணையை முதல் நாளிலிருந்தே கன்னடத்தில்தான் எழுதுகிறேன். இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். சவிதா சிஸ்டருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என் கணவரும் கவிதாவும் கன்னடப் பள்ளியில் படித்தவர்கள். தமிழில் பேருந்துப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். செல்விக்கு எண்களைத் தவிர இரண்டு மொழியிலும் எழுத்து வராது.

யாரிடம் சொல்லவேண்டுமோ அவர்களில் ஒருவராலும் படிக்க முடியாத எழுத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்திருக்கிறேன். கோடு போட்ட தாளில். அழகான கையெழுத்தில்.